பனிச்சறுக்குத் தெரியாத குடும்பம் செல் ஆம் ஸே போகலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் யாருக்கும் பனிச்சறுக்குத் தெரியாது. 65 வயதைத் தாண்டிய பெற்றோரும் 6 வயதுப் பையனும் உடன் வருகிறார்கள். பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் செல் ஆம் ஸே, கப்ரூன் பக்கம் ஒரு வாரம் போவது பணத்துக்குக் கேடா?

கேடெல்லாம் இல்லை. தாராளமாகப் போங்கள். ஆனால் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு முதல் நாளே 3000 மீட்டருக்கு ஏறிவிடாதீர்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

நீங்களும் எங்களைப் போல ஜெர்மனியிலிருந்து போகிறவர்கள், பெற்றோர் ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். கையில் இருப்பது 90 நாள். அதற்குள் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். அம்மாவுக்கு அப்போது 68. கோயம்புத்தூர்க்காரர், வருஷா வருஷம் ஊட்டிக்குப் போய்ப் பழகியவர். மலை அவருக்குப் புதுசா என்ன என்று நினைத்துவிட்டேன்.

கணக்கைப் பின்னால்தான் போட்டுப் பார்த்தேன். ஊட்டி சுமார் 2240 மீட்டர். செல் ஆம் ஸே ஊர் 757 மீட்டர்தான். ஆனால் பக்கத்துக் கப்ரூனிலிருந்து கிட்ஸ்ஷ்டைன்ஹோர்ன் பனியாற்றுக்குக் கேபிள் காரில் ஏறினால், மேல் நிலையம் 3029 மீட்டர். ஊட்டிக்குப் பஸ்ஸில் வளைந்து வளைந்து மெதுவாகத்தான் ஏறுகிறோம். இங்கே ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாயிரம் மீட்டர் மேலே போய்விடுகிறோம். அந்த உயரத்தில் நம் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு.

அன்று வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. என் கணவர் மகனை ஸ்கி (பனிச்சறுக்கு) பள்ளியில் விடப் போனார், நானும் அம்மாவும் மட்டும் மேலே போனோம். நடுவில் 2450 மீட்டரில் ஆல்பின்சென்டர் என்று ஒரு நிலையம் உண்டு, உணவகம் எல்லாம் இருக்கிறது. நான் அங்கே நிற்கவில்லை. மேலே மலையைக் குடைந்து சுமார் 360 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைச்சுரங்கம் போட்டிருக்கிறார்கள். அதன் அந்தப் பக்கம் போனால் ஆஸ்திரியாவிலேயே உயரமான குரோஸ்குளோக்னர் சிகரம் தெரியும், 3798 மீட்டர். அதைக் காட்டத்தான் கூட்டிப்போனேன். பாதிச் சுரங்கத்தில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளிறிவிட்டது. "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடும்" என்கிறார், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குகிறது. அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் பார்த்துவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார், அடுத்த கேபிள் காரிலேயே எங்களோடு இறங்கினார். அந்தப் பெண்ணை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். 2450-க்கு வந்ததுமே அம்மாவுக்கு முகத்தில் களை வந்துவிட்டது. கீழே மருத்துவரிடம் காட்டினோம். நெஞ்சில் ஒன்றும் இல்லை, உயரமும் உடம்பில் தண்ணீர் இல்லாததும்தான் என்றார். விசாரித்தால், வழியில் டாய்லெட் எங்கே இருக்குமோ என்று பயந்து அம்மா காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நம் அம்மாக்கள் எல்லோரும் இப்படித்தான். நீங்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வயதானவர்கள் எத்தனையோ பேர் அங்கே வந்து போகிறார்களே, இதைச் சொல்லிப் பயமுறுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். வந்து போகிறார்கள்தான். எங்களைத் தாண்டியே ஒரு தாத்தா ஸ்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் உடம்பு அதற்குப் பழகியது. நான் போகவே கூடாது என்று சொல்லவில்லை. மூன்றாம் நான்காம் நாள் போங்கள், ஆல்பின்சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்து டீ குடியுங்கள், மேலே போவதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யுங்கள்.

அன்று ராத்திரி அண்ணன் சென்னையிலிருந்து போன் செய்தார். "அம்மாவை எதுக்கு அங்கெல்லாம் இழுத்துட்டுப் போற?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம். கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டிப்போக அண்ணனுக்கு நேரம் இல்லை. கடைசியில் நான் லீவு போட்டு ஊருக்கு வந்துதான் ஆபரேஷன் நடந்தது. அப்பா போன பிறகு அம்மாவை ஒரு நாள் மருதமலைக்குக்கூட யாரும் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போகிறவளைத்தான் கேள்வி கேட்பார்கள், கட்டிக்கொடுத்த பெண் என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கேட்பார்கள். என் தப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாவை வீட்டிலேயே உட்கார வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மீதி நாட்களை ஊரைச் சுற்றியே வைத்துக்கொண்டோம், அதுதான் நன்றாக இருந்தது. ஊருக்கு மேலேயே ஷ்மிட்டன் மலை, 1965 மீட்டர், ஊட்டியைவிடத் தாழ்வு. 1927-லேயே கேபிள் கார் போட்ட மலை. ஸ்கி செய்யாமல் சும்மா ஏறி இறங்க நடப்பவர்களுக்குத் தனி டிக்கெட் உண்டு. உச்சியில் அந்தக் கால ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் (சிசி) பெயரில் ஒரு சின்ன தேவாலயம் இருக்கிறது. அம்மா அங்கே கண்மூடி நின்றார், பிறகு வெளியே வந்து பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். எதிரே 3000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. நான் சுரங்கத்துக்குள் இழுத்துப்போய்க் காட்ட நினைத்ததை அவர் இங்கே மூச்சு வாங்காமல் பார்த்தார்.

ஏரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கரையோரம் நடைபாதை சமதளம். முட்டி வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. காரில் போவதென்றால் குளிர்கால டயரும் ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கான சுங்கச் சீட்டும் (விக்னெட்) வேண்டும். நாங்கள் ரயிலில்தான் போனோம்.

சைவம் என்றால் கெர்ம்க்னோடல் கேளுங்கள். பெரிய கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வெந்த மாவு, உள்ளே பூரணத்துக்குப் பதில் பிளம் ஜாம், மேலே கசகசாப் பொடி. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பையனுக்கு 6 வயது சரியான வயது. ஸ்கி, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்கு எடுங்கள், வாங்காதீர்கள். நீங்களே கற்றுக்கொடுக்கவும் பார்க்காதீர்கள். என் மகன் முதல் இரண்டு நாள் அழுதான். மேலே ஏற்றிவிட நகரும் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள், அதற்கு மாயக் கம்பளம் என்று பெயர். ஸ்கி முனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிரேக் போடுவதற்குப் "பீட்சா" என்று சொல்லிக்கொடுப்பார்கள். மூன்றாம் நாள் அவன் பீட்சா போட்டு நின்றான். வாரக் கடைசியில் குழந்தைகளுக்கு ஒரு சின்னப் பந்தயம் வைத்தார்கள். அம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்று, அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார். அப்படி அவர் கத்தி நான் பார்த்ததே இல்லை.

கோடையில் ஏரியில் படகு விடுவார்கள், குளிக்கவும் செய்யலாம். இந்த ஜூலையில் அம்மா மறுபடி வருகிறார். ஷ்மிட்டனுக்குப் போகலாம், அந்தச் சுரங்கம் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.