வாரத்துக்கு ஒரு தண்ணீர் போதுமாம்!

கேள்வி: மண்டபத்தில் வசிக்கிறேன். என்னோடு பள்ளியில் படித்த மூன்று தோழிகள் வருகிற தை மாதம் ஒருவர் பின் ஒருவராகப் புதுவீடு குடிபுகுகிறார்கள். ஒருத்தி வீடு பாம்பனில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். இன்னொருத்தி ராமநாதபுரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்றாமவள் தேவிபட்டினத்துக்குப் பக்கம். ஒன்றரை வயதில் குழந்தை, மாமியார், நான்கு ஆடுகள். மூவருக்கும் ஒரே மாதிரி போன்சாய் மரம் கொடுக்க ஆசை. மதுரையில் ஒரு நர்சரியில் விசாரித்தேன். வாரத்துக்கு ஒரு தண்ணீர் போதும், ஹாலில் டிவி பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், பராமரிப்பே கிடையாது என்கிறார் கடைக்காரர். என் அம்மாவோ, குள்ளமாக்கிய மரத்தைக் குடிபுகும் வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்கிறார். வாங்கலாமா?

— ஒரு வாசகி, மண்டபம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

புதுமனைப் புகுவிழா என்றால் சுவர்க் கடிகாரம் என்று நம் மாவட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. என் வீட்டுப் பரணில் மட்டும் நான்கு கடிகாரங்கள் நான்கு வெவ்வேறு நேரத்தில் நின்றுபோய்க் கிடக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகாமல் மரம் கொடுக்க நினைத்தீர்களே, அதற்கு என் பாராட்டு. வாங்கலாம். ஆனால் மூவருக்கும் வேண்டாம். கடைக்காரர் சொன்னதை நம்பியும் வேண்டாம்.

போன்சாய் என்பது ஒரு மரத்தின் பெயரே அல்ல. ஜப்பானிய மொழியில் ‘போன்’ என்றால் தட்டம், ‘சாய்’ என்றால் நடுவது. சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போன கலை. காட்டில் ஓங்கி வளர்கிற அதே மரத்தைத்தான் வேரும் கிளையும் கத்தரித்து, ஆழமில்லாத தட்டத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே அதன் தேவைகளும் மரத்தின் தேவைகள்தான். இலைக்கு வெயில் வேண்டும். டிவி வெளிச்சத்தில் எந்த இலையும் உணவு தயாரிக்காது. தட்டத்தில் இருப்பதோ இரண்டு கைப்பிடி மண். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த மண் காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானத்துக்குள் இழந்து அப்பளமாகிவிடும். பெரும்பாலான மரங்களுக்கு அந்த மாதங்களில் தினமும் தண்ணீர் வேண்டும். வாரம் ஒரு முறை என்று கடைக்காரர் சொன்னது, அடுத்த மாதமே இன்னொன்று வாங்க நீங்கள் வரவேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். பணி ஓய்வு பெற்ற அன்று அலுவலக நண்பர்கள் எனக்கு ஒரு ஜூனிபர் போன்சாய் கொடுத்தார்கள். ஊசி ஊசியாக இலை, கோவணம் கட்டிய சாமியார் போல வளைந்த தண்டு, பார்க்க அவ்வளவு அழகு. ஜூனிபர் குளிர்நாட்டு மரம். ஆண்டுக்கு ஒரு முறை நல்ல குளிர்காலம் கண்டு ஓய்வெடுத்தால்தான் அதற்கு உயிர் தரிக்கும். ராமநாதபுரத்தில் குளிர் என்றால் மார்கழி அதிகாலையில் ஒரு மணி நேரம் விழுகிற பனிதான். அது போதவில்லை, செத்துப்போனது. கொடுமை என்னவென்றால், செத்த பிறகும் ஜூனிபர் வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். ஒரு நாள் இலையைத் தொட்டேன், பொலபொலவென்று உதிர்ந்தது. அதுவரை நான் பிணத்துக்குத்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அதன் பிறகு அந்த நண்பர்களில் யார் வந்து கதவைத் தட்டினாலும் எனக்கு நெஞ்சு திக்கென்னும். “மரம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டுவிடுவார்களே! உங்கள் தோழிகளுக்கு அந்த நிலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

மரம் பரிசளிப்பதில் உலகப் புகழ் பெற்ற கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் 200ஆவது சுதந்திர ஆண்டையொட்டி 1976இல் ஜப்பான் 53 போன்சாய்களைப் பரிசளித்தது. அவற்றில் யமாகி என்பவர் கொடுத்த வெள்ளைப் பைன் 1625 முதல் தொட்டியில் வளர்வது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அது அதே ஊரில், அவர் வீட்டுத் தோட்டத்தில் மதிலோரம் நின்று தப்பியது. இந்த விவரத்தை அவர் வாயைத் திறந்து சொல்லிக்கொள்ளவில்லை; 2001இல் அவருடைய பேரன்கள் வாஷிங்டனுக்கு மரத்தைப் பார்க்கப் போன பிறகுதான் எல்லோருக்கும் தெரியவந்தது. மரம் இன்றும் இருக்கிறது. ஏன் இருக்கிறது? நாள் தவறாமல் பார்த்துக்கொள்ள அங்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். அணுகுண்டுக்குத் தப்பிய மரமும் ஆள் இல்லாத வீட்டில் ஒரு கோடை தாங்காது.

இனி உங்கள் அம்மா. குள்ள மரம் குடும்பத்தின் வளர்ச்சியைக் குறுக்கும் என்று வாஸ்துக்காரர்கள் சொல்வது எனக்கும் தெரியும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் உடை மரங்களைப் பாருங்கள். காற்று அடித்து அடித்து ஒரு பக்கமாகக் குடை சாய்ந்து, இடுப்பளவோடு நின்றுவிட்டவை. ஜப்பானியர்கள் கம்பி சுற்றிப் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கொண்டுவரும் ‘காற்றில் சாய்ந்த மரம்’ என்ற வடிவம், நமக்கு அங்கே ரோட்டோரம் இலவசமாகக் கிடக்கிறது. அதைப் பார்த்து யாரும் அபசகுனம் என்று வண்டியைத் திருப்புவதில்லை. ஆனால் உங்கள் அம்மாவோடும் தோழியின் மாமியாரோடும் வாதாடி ஜெயிப்பதற்காகவா பரிசு கொடுக்கிறீர்கள்? பால் காய்ச்சுகிற அன்று ஒரு பெரியவர் முகம் சுளித்தால், அந்த மரம் பிறகு எந்த மூலைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே தோழியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். திடீர்ப் பரிசு என்ற சுவாரசியம் போகட்டும். ஆல், அரசு வகைப் போன்சாய்களையும் தவிர்த்துவிடலாம். அவை வலுவான மரங்கள், போன்சாய்க்கு ஏற்றவைதான். ஆனால் வீட்டுக்குள் ஆகாது என்ற பேச்சு அவற்றுக்குத்தான் முதலில் வரும்.

பெரியவர்கள் ஒதுக்குகிற பட்டியலில் முள் செடியும் பால் வடியும் செடியும் உண்டல்லவா? இரண்டும் இல்லாத, நம் வெயிலையும் தாங்குகிற ஒன்று இருக்கிறது. நர்சரியில் ‘ஜேட்’ என்று கேளுங்கள். தாவரவியல் பெயர் போர்ச்சுலகாரியா ஆஃப்ரா. சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதைப்பற்றான உருண்டை இலை, செம்பழுப்புத் தண்டு. தென்னாப்பிரிக்க வறண்ட நிலத்துச் செடி. அங்கே யானை தின்கிறது. இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் நாம் நான்கு நாள் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. தாகம் எடுத்தால் தானே சொல்லும். இலை பிழிந்த எலுமிச்சைத் தோல் மாதிரி சுருங்கும். ஊற்றினால் மறுநாளே, அல்லது அதற்கடுத்த நாள் உப்பிவிடும். பராமரிப்பு இல்லாத போன்சாய் கிடையாது. நம் மறதியை மன்னிக்கிற போன்சாய் உண்டு, அது இதுதான்.

பாம்பன் தோழிக்கு இதைக் கொடுங்கள். ஆனால் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் அழகாக வைத்தால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தொட்டி கீழ்வீட்டுக் கூரையில் இருக்கும். சுவருக்கு உள்பக்கம், தரையோடு, காலை வெயில் படும்படி வைக்கச் சொல்லுங்கள். கடல் உப்பு இலையில் படிவதை வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவினால் போதும்.

நல்ல தண்ணீர் என்றேன். நம் கடற்கரையில் செடியைக் கொல்வதில் வெயிலைவிட முன்னால் நிற்பது போர்த் தண்ணீர்தான். ஜூனிபர் போன துக்கத்தில் நான் வாங்கிய அடுத்த மரத்துக்குப் போர்த் தண்ணீரையே ஊற்றினேன். தண்ணீர் ஆவியாகும், உப்பு போகாது. இரண்டு கைப்பிடி மண்ணில் அது எங்கே போய் ஒளியும்? இரண்டு மாதத்தில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது. நகத்தால் சுரண்டினால் மாவு போல உதிர்ந்தது. இலை நுனிகள் ஊதுபத்தி பட்டது போலக் கருகின. தண்ணீரைச் சிக்கனப்படுத்துகிறேன் பேர்வழி என்று ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுநீரையும் பிடித்து ஊற்றினேன். அது போர்த் தண்ணீரைவிட உப்புக் கூடியது என்பது பிறகுதான் உறைத்தது. இப்போது ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்துக்கொள்கிறேன். அது தீர்ந்தால் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு இல்லை. காவிரிக் குடிநீர் வருகிற நாளில் ஒரு சொம்பு ஒதுக்கினாலும் சரி. குடம் விலைக்கு வாங்குகிற வீட்டில் தினம் ஒரு வாளி கேட்கிற செடியைக் கொடுத்தால் அது பரிசு ஆகாது, கடன் ஆகும். ஜேட் கேட்பது அரைச் சொம்பு, அதுவும் மேல்மண் காய்ந்த பிறகு. மண்ணில் விரலை ஒரு கணு அளவு விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் திரும்பி வந்துவிட வேண்டும். ஜேட்டை வாட விட்டுக் கொன்றவர்களைவிட ஊற்றி ஊற்றி அழுகவிட்டவர்களே அதிகம்.

ராமநாதபுரம் தோழியின் வீட்டுப் பால்கனியில் அரை நாளாவது வெயில் விழுகிறதா என்று கேளுங்கள். விழுந்தால் ஜேட் கொடுக்கலாம். இல்லையென்றால் அவளுக்குப் போன்சாயே வேண்டாம். காலையில் பூட்டி மாலையில் திறக்கிற, திரை போட்ட, ஏ.சி. ஓடுகிற வீட்டில் எந்தப் போன்சாயும் படிப்படியாக மெலிந்துதான் சாகும். நர்சரிக்காரர்கள் பாம்புச் செடி என்கிற, மருள் வகைச் செடி ஒன்றைக் கொடுங்கள். குறைந்த வெளிச்சத்திலும் விறைப்பாக நிற்கும். மூவருக்கும் ஒரே மாதிரி என்ற ஆசையை இங்கே கைவிடத்தான் வேண்டும்.

தேவிபட்டினத்தில்தான் விஷயமே இருக்கிறது. கடைக்காரர் உங்களிடம் அடீனியத்தைக் காட்டுவார். அடி பானை போலப் பருத்து, ரோஜா நிறத்தில் கொத்தாகப் பூத்து நிற்கும். பாலைவன ரோஜா என்று பெயர் வேறு. எனக்கும் அதன் மேல் ஆசைதான், வெயிலுக்கும் அசராது. ஆனால் அதன் சாறு விஷம்; ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவ எடுத்தார்கள். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிற ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிற வீட்டுக்குள் அதைக் கொண்டுபோகவே கூடாது. ஜேட் இலையால் அந்தப் பயம் இல்லை, தென்னாப்பிரிக்காவில் மனிதர்களும் அதைத் தின்கிறார்கள், லேசாகப் புளிக்கும். அங்கே ஆடுகளுக்கும் அது பிடித்த தீனி. மேய்ந்தால் ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது. மரம்தான் மிச்சம் இருக்காது.

வேறு யாராவது வந்து, “தீவுகளில் பெம்பிஸ் என்று ஒரு செடி இருக்கிறது, போன்சாய்க்கு அதுதான் ராஜா, பெயர்த்துத் தருகிறேன்” என்று சொன்னால் பேச்சை அங்கேயே வெட்டுங்கள். போன்சாய்க்காரர்கள் அந்தச் செடிக்கு ஏங்குவது உண்மை. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு குச்சியைக்கூட எடுத்து வரக்கூடாது.

கடையில் தொட்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அடியில் ஓட்டை இல்லாத தொட்டி வேண்டாம். மண்ணின் மேல் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் அதைப் பெயர்த்துத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஊற்றுகிற தண்ணீர் மேலேயே வழிந்து ஓடிவிடும். தண்டில் சுற்றிய கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். பகட்டான தொட்டிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம், தண்டு பருத்த மரத்துக்குக் கொடுங்கள்.

தை வரை காத்திருக்காமல் மரங்களை இப்போதே வாங்கி, மண்டபத்தில் உங்கள் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரை நிழல்வலைக்குள் வளர்ந்தது, நம் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக இரண்டு மாதமாவது பிடிக்கும். முதலில் கொஞ்சம் இலை கொட்டினாலும் பதற வேண்டாம். அடைமழை நாட்களில் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை மண் காய்கிறது, எந்த இடத்தில் இலை பளிச்சென்று இருக்கிறது என்பதெல்லாம் அதற்குள் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதை ஒரு அட்டையில் நான்கு வரியாக எழுதித் தொட்டியில் கட்டிக் கொடுங்கள். நீளும் தளிரைக் கிள்ளிவிட வேண்டும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மண் மாற்ற வேண்டும், அதற்கு என்னைக் கூப்பிடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கிள்ளிய துண்டுகளை எறிய வேண்டாம். இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி மணலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். அடுத்த தோழியின் வீட்டுக்கு ஆகும்.

தேவிபட்டினத்துக்கு மட்டும் தொட்டியோடு ஆடு எட்டாத உயரத்தில் ஒரு முக்காலியும் வாங்கிக்கொண்டு போங்கள்.