முதல் பாடம் தராசில்

கேள்வி: உணவு வீணாவதைக் குறைக்கவும் சமையலறைக் கழிவை உரமாக்கவும் எங்கள் பகுதியில் 12 தன்னார்வலர்கள் முன்வந்திருக்கிறார்கள். பயிற்சியை எங்கே தொடங்குவது? — ஒரு வாசகி

பதில்: உரத்தொட்டியை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒவ்வொருவரும் ஒரு வாரம் தங்கள் வீட்டில் கொட்டுகிற சாப்பாட்டை எடைபோட்டு, ஏன் கொட்டினோம் என்று ஒரு வரி எழுதட்டும். அதிகம் சமைத்ததா, வாங்கி மறந்ததா? நான் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தபோது நேராகத் தொட்டிக்குப் போய்விட்டேன். ‘உரம்தானே ஆகிறது’ என்ற நிம்மதியில் நல்ல சாப்பாடும் அதில் விழுந்தது. இன்றும் அது என்னை உறுத்துகிறது. 2022இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை.

தொட்டிப் பாடத்தில் பேச்சைக் குறைத்து, கையை உள்ளே விடச் சொல்லுங்கள். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வர வேண்டும். நாற்றம் வந்தால் காற்று போகவில்லை, ஈரம் கூடிவிட்டது. கிளறிவிட்டு இலை சேர்க்க வேண்டும். நாறிப்போன தொட்டி ஒன்றையே வகுப்பில் வைத்துச் சரிசெய்ய விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ‘நாறுது’ என்று கூப்பிடும்போது அந்த அனுபவம்தான் கைகொடுக்கும். இறைச்சியும் எண்ணெயும் ஆரம்பத்தில் வேண்டாம்.

பலர் கைவிடுவது முதல் சில வாரங்களில்தான். அப்போது இருவர் இருவராக வீடுகளுக்குப் போய்த் தொட்டியைத் திறந்து பார்க்கட்டும்.