அருளப்பனும் ஜானும் ஒரே பெயரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தாத்தாவின் பெயர் அருளப்பன். அவர் நினைவாக என் மகனுக்குத் திருமுழுக்கில் ஜான் என்று பெயரிட்டோம். “தாத்தா பெயர் எங்கே, இந்த ஆங்கிலப் பெயர் எங்கே?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். பங்குத்தந்தையோ இரண்டும் ஒன்றுதான் என்கிறார். இது எப்படி? யஹ்யா என்பதும் இதே பெயர்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

பங்குத்தந்தை சொன்னதே சரி. ஜான் ஆங்கிலத்தில் பிறந்த பெயர் அன்று. அதன் எபிரேய மூலம் யோஹனான். ‘யோ’ என்பது யாவே என்னும் இறைப்பெயரின் குறுக்கம். ‘ஹனான்’ என்றால் அருள்கூர்ந்தான். ஒரு முழு வாக்கியமே பெயராகி நிற்கிறது. இவ்விரு சொற்களையும் முன்பின்னாக மாற்றிப் போட்டால் ஹனனியா, அதாவது நம் விவிலியத்தின் அனனியா. இறைப்பெயரை விட்டு அருளை மட்டும் வைத்துக்கொண்டால் ஹன்னா. நம் ஊர் அன்னம்மாள்களின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

கிரேக்கர் வாயில் நடுவிலிருந்த ஹகரம் நிற்கவில்லை. அவர்களுடைய ஆண்பால் விகுதியும் சேர்ந்து இயோவான்னேஸ் ஆயிற்று. நம் யோவான் இதற்கு அண்மையில் நிற்பது. இலத்தீன் வழியாக மேற்கே போனபின் இத்தாலியில் ஜொவான்னி, ஸ்பெயினில் ஹுவான், அயர்லாந்தில் ஷான், ஸ்காட்லாந்தில் இயன் என்று கிளைத்தது. ஜெர்மனியில் யொஹான்னஸின் தலை உதிர்ந்து வால் மட்டும் ஹான்ஸ் என்று எஞ்சியது. ரஷ்யாவின் இவானும் கேரளத்துச் சுரியானிக் கிறித்தவர்களின் உலஹன்னானும் இக்குடும்பத்தினரே. ‘ஜே’ தனி எழுத்தாக நிலைபெறாத காலம் ஒன்று இருந்ததால், 1611இல் அச்சான ஆங்கில விவிலியத்தில் ஜான் ‘ஐ’ என்னும் எழுத்தில்தான் தொடங்குகிறார்.

இவை யாவும் ஒலியைச் சுமந்து சென்றவை. பொருள் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் பணியாற்றிய சேசு சபையினர் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். 1693இல் ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோ நமக்கு அருளானந்தர். தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றே வீரமாமுனிவர் பாடுகிறார். சூசைக்கு, அதாவது யோசேப்புக்கு, அவர் வைத்த வளன் என்னும் பெயர் அதைவிட அழகு. யோசேப்பு என்பதற்கு ‘அவர் பெருகச் செய்வாராக’ என்று பொருள். எல்லாப் பெயருக்கும் இது வாய்க்காது. யாக்கோபு என்ற பெயரைக் குதிகாலோடு தொடர்புபடுத்துகிறது விவிலியத்தின் தொடக்கநூல். யாரும் குதிகாலப்பர் என்று வைக்கத் துணியாமல் யாகப்பர் என்று ஒலியோடு நிறுத்திக்கொண்டது நல்லதாயிற்று.

ஆகவே பொருளை வைத்துப் பார்த்தால் உங்கள் தாத்தாவின் பெயர்தான் ஜானைவிட எபிரேய மூலத்துக்கு நெருக்கமானது. முன்பு யோவானுக்குத் தமிழில் வழங்கிய அருளப்பர் என்னும் பெயருக்குப் பதில் பிற்கால மொழிபெயர்ப்புகளில் யோவான் என்றே வருவதால் இந்த உறவு இளையவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

யஹ்யாவைப் பொறுத்தவரை கொஞ்சம் நிதானம் வேண்டும். குர்ஆன் கூறும் ஜகரிய்யாவின் மகன் யஹ்யாவும் திருமுழுக்கு யோவானும் ஒருவரே. ஆனால் பெயர் அப்படியன்று: அரபுக் கிறித்தவர்கள் வழங்கும் யூஹன்னாதான் யோஹனானின் நேர் வடிவம், யஹ்யா என்பதோ அரபியில் ‘வாழ்கிறான்’ என்று பொருள்படும் சொல்லோடு ஒத்திருப்பது.

உறவினருக்கு இவ்வளவும் விளக்க வேண்டியதில்லை. பையனை வீட்டில் அருள் என்றே கூப்பிடுங்கள். பதிவேட்டில் உள்ள பெயரைத் தமிழில் சொன்னதாகத்தான் அது ஆகும்.