மந்திரத்தால் வனைந்தால் மிச்சம் எங்கே போகும்?

கேள்வி: நான் ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் மலைநாட்டு மக்கள், நிலத்தில் ஊறும் மந்திர ஆற்றலைக் கையில் ஏந்தி, விளக்கு, கத்தி, ஓடம் என்று வேண்டிய பொருளாக வனைந்துகொள்கிறார்கள். படித்துப் பார்த்த என் அண்ணன், "நினைத்ததெல்லாம் கைக்கு வந்துவிடுமானால் கதையில் யாருக்கு என்ன கவலை?" என்று கேட்டார். வனைபவருக்குக் களைப்பு வரும் என்று ஒரு விதி சேர்த்தேன். அதுவும் போதவில்லை என்கிறார். என்ன செய்யலாம்? (ஒரு வாசகி, காட்பாடி)

பதில்: உங்கள் அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். களைப்பு ஒரு விதியாக நிற்காததற்குக் காரணம், அது வனைபவரோடு முடிந்துவிடுவதே. ஒரு வேளைச் சோற்றிலும் ஓர் இரவு உறக்கத்திலும் தீர்ந்துபோகிற விலையை வாசகர் விலையாகவே எண்ணமாட்டார். விதியை ஆளிடம் தேடாமல், அவர் கையில் இருக்கும் பொருளிடம் தேடுங்கள்.

உங்களுக்கு அருகிலேயே கரிகிரி இருக்கிறது. மண்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற அந்த ஊரில் ஒரு பெரியவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சக்கரத்தில் ஏறிய மண், அவர் கட்டைவிரல் அழுத்திய இடத்தில் குழிந்து, அணைத்த கையோடு மேலே எழுந்தது. ஒரு நூலால் அடியை அறுத்துத் தூக்கி, வெளியே சித்திரை வெயில் கொளுத்தியபோதும் அதை நிழலில்தான் வைத்தார். ஏன் என்று கேட்டேன். வெயிலில் வைத்தால் வாய்விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்கும், அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும், இரண்டுக்கும் நடுவே விரிசல் விடும் என்றார். ஈரம் முழுக்கப் போகாமல் சூளைக்குப் போனால், உள்ளே ஆவி மூண்டு கலம் வெடித்துவிடும். அவர் கைக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் மண் தன் பதத்தை விட்டுக்கொடுப்பதில்லை. உங்கள் ஆற்றலுக்கும் அப்படி ஒரு பதம் வேண்டும்: எவ்வளவு நேரத்துக்குள் வனைய வேண்டும், எதனால் இறுகும், இறுகியபின் திருத்த முடியுமா என்பவை தெரிந்துவிட்டால், அவசரத்தில் வனைந்த ஓடம் நடு ஆற்றில் விரிசல் விடும் காட்சி தானாகவே வந்து சேரும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு. எந்தப் பொருளைச் செய்தாலும் மிச்சம் ஒன்று விழும். மாயக்கதை எழுதுகிற நம்மில் பெரும்பாலோர் அதை எழுதுவதே இல்லை. தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்போன நம் வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பிட்டு வந்த பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, குரோமியத்தில் பதனிட்டு எடுத்தால் பளபளப்பான தோல் கிடைக்கிறது. அந்த உப்பும் குரோமியமும் கலந்த நீர், பல ஆண்டுகள் பாலாற்றிலும் அதன் கரையோரக் கிணறுகளிலும் போய்ச் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. செருப்பைப் போட்டுக்கொண்டவர் எங்கோ இருந்தார், கிணற்று நீர் கரித்தவர் இங்கே இருந்தார்.

ஆகவே உங்கள் மலைநாட்டில் ஒருவர் விளக்கு வனையும்போது, வடிவத்துக்குள் அடங்காமல் வழிந்த ஆற்றல் எங்கே போகிறது என்று முடிவு செய்யுங்கள். அது ஓடையில் கலந்து அடிவாரத்து ஊருக்கு இறங்கி, அங்கே விதைநெல் முளைக்காமல் போகலாம். வனைபவருக்கு அது தெரியாமலே இருக்கலாம். அடிவாரத்திலிருந்து ஒரு பெண் வாடிய நாற்றுக்கட்டோடு மலையேறி வந்து அவர் வாசலில் நின்றால், உங்கள் அண்ணன் கேட்ட கவலை அங்கே பிறந்துவிடும்.

கேள்வி: ஆற்றல் பொருளாக மாறுவது அறிவியலுக்குப் பொருந்துமா? (ஒரு வாசகர், ஆம்பூர்)

பதில்: பொருந்தும், ஆனால் கணக்கு மலைக்கவைக்கும். 1905இல் ஐன்ஸ்டைன் நிறுவிய சமன்பாட்டின்படி, ஒரு கிராம் பொருளுக்குள் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2.5 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரு கிலோ எடையுள்ள குடத்துக்கு 2,500 கோடி யூனிட் வேண்டும். அவ்வளவையும் ஒருவர் உள்ளங்கையில் ஏந்துகிறார் என்றால், அவர் குடம் செய்வதற்காக ஏந்தமாட்டார். எனவே ஆற்றல் பொருளாக மாறுவதில்லை, ஒரு வடிவத்தைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே என்று வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. அப்போது குடத்துக்கு எடை இராது. நீர் மொண்டு இடுப்பில் வைத்தால் நீரின் கனம் மட்டுமே தெரியும். வெறுங்குடத்தைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டுத் திரும்பினால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி: இத்தகைய கதைகளில் 'மேஜிக்', 'எனர்ஜி' என்றே எழுதுகிறார்கள். தமிழில் சொற்கள் இல்லையா? (ஒரு வாசகர், ஆரணி)

பதில்: தொழில் செய்கிறவர்கள் வாயில் நிறைய இருக்கின்றன. பதப்படாததைப் 'பச்சை' என்கிறோம். பச்சைமண், பச்சைத்தோல் என்பதுபோல் 'பச்சை ஆற்றல்' என்றால் யாருக்கும் புரியும். பதம், பாவு, வார்ப்பு, சூளை ஆகிய எல்லாம் வழக்கில் உள்ள சொற்கள். உங்கள் ஊர்த் தறிக்காரர்களிடம் கேட்டால் இன்னும் கிடைக்கும். 'வனைதல்' சங்க காலம் தொட்டு வருவது. புறநானூற்றின் 228ஆம் பாட்டில், சோழ மன்னன் கிள்ளிவளவன் இறந்தபோது புலவர் ஐயூர் முடவனார் குயவரை அழைத்து, அவனை அடக்கம் செய்ய அவன் புகழுக்கு ஏற்ற தாழி வேண்டுமானால் இந்த நிலத்தையே சக்கரமாகவும் பெரிய மலையையே மண்ணாகவும் கொண்டு வனைய வேண்டுமே, உன்னால் முடியுமா என்று கேட்கிறார். ஆற்றலை வனையும் கதைக்கு இதைவிடப் பெரிய காட்சியை நான் வாசித்ததில்லை. அதே பாட்டின் தொடக்கத்தில், இருளே திரண்டாற்போல் அந்தக் குயவரின் சூளையிலிருந்து அகன்ற வானில் ஏறும் புகையையும் அவர் எழுதிவைத்திருக்கிறார்.