பூனை கீறிய கண்: திங்கள் வரை என்ன செய்வது?

சனி இரவு பூனை கீறியது, நாய் இடது கண்ணைத் திறக்கவே இல்லை, நீர் வடிகிறது, டாக்டர் திங்கள்தான் வருவார் என்கிறீர்கள். பதற வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம்.

மெடிக்கலில் நார்மல் சலைன் பாட்டில் கிடைக்கும். ஒருவர் நாயின் தலையைப் பிடித்துக்கொள்ள, கண்ணின் உள்மூலையிலிருந்து மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பஞ்சால் தேய்க்காதீர்கள், நார் ஒட்டிக்கொள்ளும். நகத்துண்டோ முள்ளோ குத்தி நின்றால் கழுவவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம்.

அடுத்து, கண்ணைக் காலால் பிராண்டாமல் தடுக்க வேண்டும். பாதிக் கேடு அதனால்தான். என் நாய்க்கு ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டினேன். அரை மணி நேரம் சுவரில் முட்டியது, அப்புறம் பழகிவிட்டது.

வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருக்கும். கருவிழியில் புண் இருந்தால் அந்த ஸ்டீராய்டு அதை ஆழமாக்கிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வார், தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். வலிக்கு பாராசிட்டமால், புரூஃபன் இரண்டும் கூடாது.

கருவிழி நீலம் பூத்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, முள் நின்றாலோ திங்கள் வரை காத்திருக்காதீர்கள். தமிழ்நாடு என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழைத்துப் பாருங்கள், இல்லையேல் வண்டி பிடித்து அடுத்த ஊருக்கே போய்விடுங்கள். இப்போதே கண்ணை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், காலையில் ஒப்பிட உதவும்.