‘ஓம் ஓம்’ என்று தலையாட்டாதீர்கள்: பெனிபிட் விசாரணை பற்றிய வாசகர் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பெனிபிட், அதாவது அரச உதவிப் பணம், வாங்குபவர்களின் வங்கிக் கணக்கைப் பற்றியவை. 2025 ஜனவரியில் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு வந்த மோசடி, தவறு, மீட்பு பற்றிய மசோதா அந்த ஆண்டின் இறுதியில் சட்டமானது. அதற்குள் வட்ஸ்அப்பில் அது வேறு உருவம் எடுத்துவிட்டது. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

இனிமேல் என் வங்கிக் கணக்கை டிடபிள்யூபி (பெனிபிட் வழங்கும் அரச துறை) நேரடியாகத் திறந்து பார்க்குமாமே? கடையில் என்ன வாங்கினேன் என்பது வரைக்கும் தெரியுமா?

தெரியாது. உங்கள் கணக்கின் திறப்பு டிடபிள்யூபி கைக்குப் போகவில்லை. புதிய சட்டம் தரும் அதிகாரம் இதுதான்: யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு), பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கு), ஈஎஸ்ஏ (நோயாலோ இயலாமையாலோ வேலை செய்ய முடியாதவர்களுக்கு) ஆகிய மூன்றில் ஒன்று வந்து சேரும் கணக்குகளை வங்கியே அலசி, தகுதி விதியோடு பொருந்தாத அறிகுறி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உதாரணமாக, யுனிவர்சல் கிரெடிட் வாங்குபவரின் கணக்கில் 16,000 பவுண்டுக்கு மேல் கிடப்பது. அப்படி இருந்தால் கணக்கு யாருடையது, எந்த அறிகுறி பொருந்தியது என்பதை மட்டும் வங்கி அனுப்பும். நீங்கள் எங்கே, என்ன வாங்கினீர்கள் என்ற வரவு செலவு விவரத்தை அனுப்ப வங்கிக்கு அனுமதி இல்லை. அரச ஓய்வூதியம் மட்டும் வாங்குபவர்களை இது தொடவே தொடாது.

வங்கி அனுப்பும் தகவல் ஒரு சமிக்ஞை மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் விசாரித்த பிறகுதான் முடிவு வர வேண்டும். நடைமுறையில் உங்களுக்கு முதலில் வரப்போவது ஒரு கேள்வி: ‘உங்கள் சேமிப்பு எவ்வளவு, ஆதாரம் அனுப்புங்கள்.’ கணக்கு நேராக இருந்தால் அதோடு முடிந்துவிடும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் போடாமல் விடுவதுதான் நம் ஆட்களின் பழக்கம். பதில் போகாவிட்டால் பணத்தை நிறுத்திவைக்கலாம், பிறகு உரிமையையே முடித்தும் விடலாம்.

இன்னொன்று. ஒருவர் மேல் மோசடிச் சந்தேகம் இருந்தால் அவருடைய வங்கியிடம் விவரம் கேட்டு வாங்கும் அதிகாரம் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. சந்தேகம் எதுவும் இல்லாதவர்களின் கணக்கையும் சேர்த்து அலசுவதுதான் புதிது. அதனால்தான் தனிமனித உரிமை அமைப்புகள் இதை எதிர்த்தன. எனக்கும் அதில் உறுத்தல் உண்டு.

நான் சீட்டுப் பிடிக்கிறேன். மாதாமாதம் பன்னிரண்டு பேரின் காசு என் கணக்கில் வந்துதான் போகும். யுனிவர்சல் கிரெடிட்டும் வாங்குகிறேன். மாட்டிக்கொள்வேனா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர், கேட்காமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர்!

கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் அதில் உள்ள காசெல்லாம் உங்கள் மூலதனம் (பெனிபிட் கணக்கில் சேரும் சேமிப்பு, சொத்து) ஆகாது. உண்மையில் யாருக்குச் சொந்தமோ அவர் காசுதான் அது. ஆனால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில். சீட்டுக் கொப்பி இருக்கிறதா? யார், எந்தத் தேதியில், எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்களா? வங்கி அறிக்கையின் வரிகளோடு அது பொருந்துகிறதா? இருந்தால் பேசலாம். ‘எல்லாம் நம்பிக்கையில் நடக்கிறது’ என்று அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை.

நான் சொல்வது: சீட்டுக் காசுக்கு ஒரு தனிக் கணக்கு திறவுங்கள், பெனிபிட் விழும் கணக்கில் அதைக் கலக்காதீர்கள், யாரும் கேட்பதற்கு முன்பே ஜேர்னலில் (யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பக்கம்) எழுதிவிடுங்கள். சீட்டு நடத்துவதற்கு உங்களுக்கென்று ஏதாவது பங்கு எடுத்தால் அது வருமானமாகப் பார்க்கப்படலாம், அதையும் மறைக்க வேண்டாம்.

அப்புறம், பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உங்கள் முறை வந்து நீங்கள் எடுத்த தொகை உங்கள் காசு. ‘மிச்ச மாதங்களுக்கு நான் கட்ட வேண்டுமே’ என்று நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் சொத்தை ஈடு வைக்காத கடனை மூலதனத்திலிருந்து பொதுவாகக் கழிக்க மாட்டார்கள். 6,000 பவுண்டு வரை பிரச்சினை இல்லை. அதைத் தாண்டினால் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு வருமானம் வருவதாகக் கணக்கிட்டுக் குறைப்பார்கள். 16,000 ஐத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. தம்பதி என்றால் இருவரின் சேமிப்பையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

அப்பா இறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் காணி என் பெயருக்கும் தம்பி பெயருக்கும் வந்திருக்கிறது. வெளிநாட்டுக் காணியைச் சொல்லத்தான் வேண்டுமா?

வேண்டும். மூலதனம் எந்த நாட்டில் இருந்தாலும் மூலதனம். அங்குள்ள சந்தை விலையில் விற்கும் செலவுக்காகப் பத்து வீதத்தையும், காணி மேல் ஈடு இருந்தால் அதையும் கழித்துவிட்டு, உங்கள் பங்கை மட்டும் எடுப்பார்கள். விற்க முயற்சி எடுக்கிறீர்கள் என்று காட்டினால் முதல் ஆறு மாதம் கணக்கில் சேர்க்காமல் விட இடமுண்டு. அங்கே உள்ள வீட்டில் வயதான அம்மா வசிக்கிறார் என்றால் அதை விலக்கக் கோரலாம், கட்டாயம் எழுதுங்கள்.

‘தம்பி பெயருக்கே மாற்றிவிட்டால்?’ என்று கடிதத்தின் கடைசி வரியில் மெதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். பெனிபிட்டுக்காகவே மாற்றினீர்கள் என்று முடிவானால், அது இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். காணியும் போய், காசும் போகும்.

தவறு அவர்களுடையது. நான் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். இப்போது கூடுதலாகத் தந்த பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். இது என்ன நியாயம்?

நியாயம் வேறு, சட்டம் வேறு. பழைய பெனிபிட்கள் பலவற்றில், நீங்கள் தவறாகச் சொன்னாலோ சொல்லாமல் விட்டாலோதான் திருப்பிக் கேட்க முடிந்தது. 2012 இன் நலன்புரிச் சீர்திருத்தச் சட்டம் யுனிவர்சல் கிரெடிட்டுக்கு அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. யார் பிழை விட்டாலும் கூடுதல் பணம் திருப்பி வாங்கக்கூடியதுதான்.

டிடபிள்யூபி வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2024-25 இல் கூடுதலாகப் போன பணம் சுமார் 9.5 பில்லியன் பவுண்டு. அதில் ஏறக்குறைய 1 பில்லியன், துறையின் சொந்தப் பிழை. இன்னும் 1.9 பில்லியன் விண்ணப்பித்தவர்கள் தெரியாமல் விட்ட பிழை. அரசியல்வாதிகள் மேடையில் பேசும்போது இதெல்லாம் ‘மோசடி’ என்ற ஒரே சாக்குக்குள் போய்விடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு வழி, இரண்டும் வெவ்வேறு. தொகையே தப்பு, அல்லது உங்களுக்கு அது உரியதுதான் என்றால், கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேன்டேட்டரி ரீகன்சிடரேஷன், அதாவது முடிவைத் துறையே மறுபடி பார்ப்பது, கேளுங்கள், அதிலும் தோற்றால் தீர்ப்பாயம். கணக்கு சரிதான், ஆனால் திருப்பிக் கேட்பது அநியாயம் என்றால் ‘வேவர்’, அதாவது கடனைத் தள்ளுபடி செய்யக் கோருவது. வேவர் இலகுவில் கிடைக்காது. ஆனாலும் 2023 இல் உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணின் வழக்கில் முக்கியமான தீர்ப்பு சொன்னது. தனக்கு அந்தப் பணம் உரியதுதானா என்று அவர் கேட்டிருந்தார், உரியதே என்று துறை சொல்லியிருந்தது. பிறகு 8,600 பவுண்டுக்கு மேல் திருப்பிக் கேட்டார்கள். அது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். அவரைக் காப்பாற்றியது, அவர் கேட்டதற்கும் அவர்கள் சொன்னதற்கும் இருந்த பதிவு. போனில் பேசினால் அன்றைக்கே ஜேர்னலில் ‘இன்று உங்கள் அதிகாரி இப்படிச் சொன்னார்’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

கடனுக்காக மாதாமாதம் பெனிபிட்டில் பிடிக்கும் கழிவு தாங்க முடியவில்லை என்றால் கடன் பிரிவுக்கு அழைத்துக் குறைக்கச் சொல்லுங்கள். 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து யுனிவர்சல் கிரெடிட்டில் பொதுவான கழிவு உச்சவரம்பு அடிப்படைத் தொகையின் 25 வீதத்திலிருந்து 15 வீதமாக இறங்கியிருக்கிறது.

மாமியைப் பார்த்துக்கொள்வதற்குக் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்குகிறேன். பகுதி நேர வேலை. சில வாரம் கூடுதல் மணித்தியாலம் செய்தேன்...

மிச்சத்தை நீங்கள் எழுதவே வேண்டாம், தெரிகிறது. இந்தக் கொடுப்பனவில் சம்பள எல்லையை ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத்துக்கான முழுத் தொகையும் போய்விடும். 2025 ஏப்ரலில் அந்த எல்லை வாரத்துக்கு 151 இலிருந்து 196 பவுண்டாக உயர்ந்தது, ஆனால் அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது. ஏறி இறங்கும் சம்பளத்தைச் சராசரி பார்ப்பது பற்றித் துறை ஊழியர்களுக்குக் கொடுத்திருந்த வழிகாட்டலே பல ஆண்டுகள் பிழையாக இருந்ததை லிஸ் சேஸ் தலைமையிலான மீளாய்வு 2025 இல் வெளிப்படுத்தியது. பழைய கடன்களைத் திரும்பப் பார்ப்பதாக அரசு ஒப்புக்கொண்டது. உங்களுடையது அந்தக் காலத்துக் கடன் என்றால், கட்டி முடித்திருந்தாலும் விசாரித்துப் பாருங்கள். ஓய்வூதியத்துக்குக் கட்டும் பங்கில் பாதியைச் சம்பளத்தில் கழித்தார்களா என்றும் பாருங்கள்.

‘இன்டர்வியூ அண்டர் கோஷன்’ என்று கடிதம் வந்திருக்கிறது. மகளைக் கூட்டிக்கொண்டு போய் விளங்கப்படுத்திவிட்டு வரலாமா?

தயவுசெய்து வேண்டாம். இது குற்ற விசாரணை. நீங்கள் சொல்வது பதிவாகும், நீதிமன்றத்தில் சாட்சியமாக வரலாம். முதலில் சட்டத்தரணி. கடிதம் கிடைத்த உடனே தேடுங்கள், தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். இரண்டாவது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையை அந்த அறையில் உட்கார வைக்காதீர்கள்.

ஒரு தடவை ஒருவரின் விசாரணைப் பதிவை எழுத்தில் வாசித்தேன். அதிகாரி ஒரு நீளமான வசனம் பேசுகிறார்: ‘சேமிப்பை அறிவிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது...’ இடையில் நம் ஆள் ‘ஓம்... ஓம்...’ என்கிறார். நமக்கு அது ‘சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதுதான். எழுத்தில் அது ‘யெஸ்’ ஆகி, ஒப்புதல் வாக்குமூலம் போல உட்கார்ந்திருந்தது. கேள்வி முடியும் வரை பேசாமல் இருங்கள். விளங்காவிட்டால் ‘விளங்கவில்லை’ என்று சொல்லுங்கள்.

விசாரணைக்குப் பிறகு ‘வழக்குப் போடாமல் விடுகிறோம், அபராதம் கட்டுங்கள்’ என்று ஒரு பேரம் வரலாம். கூடுதலாகப் பெற்ற தொகையின் பாதி, குறைந்தது 350, கூடியது 5,000 பவுண்டு. கடனைக் கட்டுவது இதற்கு வெளியே. பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மனதை மாற்ற 14 நாள் உண்டு. தெரியாமல் விட்ட பிழைக்கு இதை ஏற்க வேண்டுமா என்று சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். மோசடி என்றால் வேண்டுமென்றே ஏமாற்றியதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

அம்மாவின் செத்தவீட்டுக்கு ஊருக்குப் போய் ஐந்து கிழமை நின்றுவிட்டேன். பிள்ளைகளின் சைல்ட் பெனிபிட்டை நிறுத்திவிட்டார்கள்.

சைல்ட் பெனிபிட்டுக்குப் பொதுவாக எட்டு வாரம் வரை வெளிநாட்டில் இருக்கலாம், குடும்பத்தில் மரணம் என்றால் பன்னிரண்டு. ஆகவே ஐந்து வாரத்துக்கு நிறுத்தியிருக்கவே கூடாது. டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம் ஆகியவற்றை அனுப்புங்கள். நீங்கள் மட்டும் இல்லை: 2025 இல் பயணப் பதிவுகளை நம்பிச் சுமார் 23,500 குடும்பங்களின் பணத்தை எச்எம்ஆர்சி (சைல்ட் பெனிபிட்டைக் கவனிக்கும் வரித் துறை) நிறுத்தியது. போன பதிவு இருந்தது, திரும்பி வந்த பதிவு இல்லை. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் விமானம் ஏறி, அயர்லாந்துக் குடியரசின் டப்ளின் வழியாகத் திரும்பியவர்கள் எல்லாம் குடிபெயர்ந்தவர்களாகிவிட்டார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

ஆனால் யுனிவர்சல் கிரெடிட்டின் கணக்கு வேறு. அதற்கு ஒரு மாதம்தான், நெருங்கிய உறவின் மரணம் என்றால் இன்னும் ஒரு மாதம் நீட்ட இடமுண்டு. போகும் முன் ஜேர்னலில் சொன்னீர்களா? இல்லையென்றால் இன்றே எழுதுங்கள்.

பெனிபிட் கடனுக்கு டிரைவிங் லைசன்ஸைப் பறிப்பார்களா?

கடைசி ஆயுதம் அது. 1,000 பவுண்டோ அதற்கு மேலோ கடன், கட்ட வசதி இருந்தும் கட்ட மறுப்பவர், பெனிபிட்டிலோ சம்பளத்திலோ பிடிக்க முடியாதவர். அப்படிப்பட்டவருக்கு, நீதிமன்றம் போய்த்தான், கூடியது இரண்டு வருடம். மாதம் இவ்வளவு கட்டுகிறேன் என்று பேசி ஒழுங்கு செய்துகொண்டவர் இதற்குப் பயப்படத் தேவையில்லை.

யாரோ என்னைப் பற்றி மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். யாரென்று கேட்டால் சொல்வார்களா?

சொல்ல மாட்டார்கள். ஊகித்துக்கொண்டு போய் யாருடனும் சண்டை பிடிக்காதீர்கள். உங்களைப் பற்றி வைத்திருக்கும் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கலாம், தகவல் தந்தவரின் பெயரை மறைத்துத்தான் தருவார்கள். மொட்டைக் கடிதம் மட்டும் சாட்சியம் ஆகாது. பெனிபிட்டை நிறுத்த அவர்களுக்கு வேறு ஆதாரம் வேண்டும்.