நாற்பதைக் கடந்தவர்களுக்கு ஏற்ற ரோடு பைக்: கேள்வி பதில்

கேள்வி (வயது 51, சென்னை): வணக்கம் ஐயா. காலை வேளைகளில் ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்வர ஆசை. நண்பரின் பந்தய சைக்கிளை ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொண்டன. இந்த வயதில் ரோடு பைக் எனக்கு ஒத்துவராதா?

பதில்: தாராளமாக ஒத்துவரும். உங்களுக்கு ஒத்துவராதது அந்த சைக்கிளின் பிரேம் வடிவம் மட்டுமே. பந்தயத்துக்கென்று வடிவமைக்கப்படும் பிரேம், காற்றுத் தடையைக் குறைப்பதற்காக ஓட்டுபவரின் முதுகைத் தாழ்த்தி, கைகளை முன்னால் நீட்ட வைக்கிறது. இளமையில் இதற்கு வளைந்துகொடுத்த தொடையின் பின்தசைகள், பல ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்தவருக்கு ஐம்பதில் அவ்வளவு எளிதாக வளைவதில்லை. இடுப்பு முன்னோக்கிச் சாய மறுக்கும்போது முதுகு கூனுகிறது. முதுகு கூனியபின் சாலையைப் பார்க்கவேண்டுமென்றால் கழுத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

எனவே நெடுந்தூரம் வசதியாக ஓட்டுவதற்கென்று வடிவமைக்கப்படும் எண்டூரன்ஸ் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். ட்ரெக் டொமானே, ஜயன்ட் டிஃபை, ஸ்பெஷலைஸ்டு ரூபே, கேனண்டேல் சினாப்ஸ் ஆகியவை இந்த ரகத்தில் நன்கு அறியப்பட்டவை. ஆனால் பெயரைவிட இரண்டு எண்களை நம்புவது நல்லது. பெடல் கைகள் இரண்டும் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து பிரேமின் முன்குழாய் உச்சிவரை உள்ள செங்குத்து உயரம் ஸ்டாக். அதே இரு புள்ளிகளுக்கு இடையேயான கிடைமட்டத் தூரம் ரீச். எல்லா நல்ல நிறுவனங்களும் இவற்றைத் தம் அட்டவணையில் தருகின்றன. ஸ்டாக்கை ரீச்சால் வகுத்துப் பாருங்கள். 540 மி.மீ. ஸ்டாக்கும் 385 மி.மீ. ரீச்சும் உள்ள பிரேமுக்கு விடை 1.40 வரும், அது பந்தய வடிவம். 575-க்கு 375 என்றால் 1.53 வரும்; அது நமக்கானது. ஹேண்டில்பார் 35 மி.மீ. உயர்ந்து, 10 மி.மீ. நம் பக்கம் நெருங்கி வருவதைத் தாளில் படிக்கும்போது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் இரண்டு மணி நேரம் ஓட்டியபின் கழுத்துக்கு அதன் அருமை தெரியும். முதுகுத் தண்டுவட்டில் ஏற்கெனவே கோளாறு இருந்தால், வாங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

கேள்வி (வயது 47, திருச்சி): தெரிந்தவர் ஒருவர் தம் பழைய கார்பன் பந்தய சைக்கிளைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கி, ஹேண்டில்பாரை மட்டும் உயர்த்திக்கொண்டால் போதாதா?

பதில்: போய்ப் பார்க்கும்போது, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் என்ற துண்டுக்கு அடியில் எத்தனை வளையங்கள் இருக்கின்றன என்று முதலில் கவனியுங்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தண்டுதான் முன்குழாயின் வழியாக மேலே வந்து ஸ்டெமைத் தாங்குகிறது. பந்தயம் ஓட்டியவர்கள் ஹேண்டில்பாரை இயன்றவரை கீழே இறக்கி, மிஞ்சும் தண்டை அறுத்து எடுத்துவிடுவது வழக்கம். அப்படி அறுத்திருந்தால் வளையம் சேர்த்து உயர்த்த இடமே இராது; ஸ்டெமைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் சிறிது உயரம் கிடைக்கும், அவ்வளவுதான். மேலும் பழைய பந்தய பிரேம்கள் பலவற்றில் 25 மி.மீ.க்கு மேல் அகலமான டயர் நுழையாது. இந்த இரண்டு குறைகளையும் பின்னால் எவ்வளவு செலவழித்தாலும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது என்பதால், பாதி விலை என்பதற்காக வாங்காதீர்கள்.

கேள்வி (வயது 55, மதுரை): எங்கள் பக்கம் சாலைகள் குண்டும் குழியுமாக இருக்கின்றன. முன்னால் சஸ்பென்ஷன் உள்ள ஹைபிரிட் வாங்கலாமா, அல்லது கார்பன் பிரேமுக்குச் செலவழிக்கலாமா?

பதில்: இரண்டுக்கும் முன்னதாக டயரைப் பாருங்கள், ஏனெனில் சாலையின் அதிர்வை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். முன்பெல்லாம் ரோடு பைக் என்றால் 23 மி.மீ. டயரும், கல்லைப்போல இறுகும்வரை நூறு பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அலகு) மேல் காற்றும் என்றே இருந்தது. இறுகிய டயர் சொரசொரப்பான தாரில் உருளாமல் துள்ளுகிறது; ஒவ்வொரு துள்ளலிலும் நம் உழைப்பு வீணாகிறது, அந்த அதிர்வும் உடம்புக்கே வந்து சேர்கிறது. இன்று பந்தய வீரர்களே 28 மி.மீ.க்கு வந்துவிட்டார்கள். உங்கள் சாலைக்கு 32 மி.மீ. டயரையே சிபாரிசு செய்வேன். 35 வரை இடமுள்ள பிரேம் கிடைத்தால் இன்னும் மகிழ்ச்சி.

காற்றின் அளவும் முக்கியம். 75 கிலோ எடையுள்ளவர் டியூப் உள்ள 32 மி.மீ. டயரில் 55 முதல் 60 பிஎஸ்ஐ வரை வைத்துத் தொடங்கலாம். 28 என்றால் 70-ஐ ஒட்டி. முன் சக்கரத்துக்குப் பின் சக்கரத்தைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள். டயரில் அச்சிட்டிருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதுவரை நிரப்பவேண்டும் என்பதில்லை. அளவுமானி உள்ள பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும், கைவிரலால் அழுத்திப் பார்ப்பது போதாது.

விலை மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க் தார்ச்சாலைக்குத் தேவையற்ற எடை. அலுமினிய பிரேமும் கார்பன் ஃபோர்க்கும் 32 மி.மீ. டயரும் கொண்ட சைக்கிள், ஒல்லி டயர் போட்ட முழுக் கார்பன் சைக்கிளைவிடச் சொகுசாகவே ஓடும். மிச்சமாகும் பணத்தை டிஸ்க் பிரேக்குக்குக் கொடுங்கள்; மழைக்கால ஈரத்திலும் அது ஏமாற்றாமல் பிடிக்கும்.

கேள்வி (வயது 49, சேலம்): அண்ணா, ஏற்காட்டுக்கு ஓட்டிச் செல்வது என் கனவு. முழங்காலில் லேசான வலி உண்டு. எந்த கியர் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: முன்னால் 50, 34 பற்கள் உள்ள இரண்டு பல்சக்கரங்கள் (50/34), பின்னால் 11 முதல் 34 பற்கள் வரை உள்ளவை. அதைவிடக் கடினமானது எதையும் ஏற்காதீர்கள். முன்னும் பின்னும் 34 ஆகும்போது பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். நிமிடத்துக்கு அறுபது மிதி மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். பழைய பந்தய அமைப்பில் மிக இலகுவான கியரே 39-க்கு 25 என்று இருக்கும். அதில் அதே அறுபது மிதிக்கு ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் நம்மால் அந்த வேகத்தில் ஏற முடியாது என்பதால், மிதி நாற்பதாகக் குறைந்து, ஒவ்வொரு மிதியின் பாரமும் முழங்காலில் இறங்குகிறது.

சீட் உயரத்தையும் சரிபாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். பின்புறம் வலித்தால் உயரமாக இருக்கலாம்.

கேள்வி (வயது 58, கோயம்புத்தூர்): ஒரு மணி நேரத்தில் உட்காருமிடம் மரத்துப்போகிறது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் கூடவே மரத்துப்போகின்றன. ஜெல் உறை போட்டால் சரியாகுமா?

பதில்: உறை வேண்டாம். மெத்தென்ற சீட்டில் உடல் அமிழும்போது, எடையைத் தாங்கவேண்டிய இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவிலுள்ள நரம்பும் ரத்தக் குழாய்களும் அழுந்துகின்றன. வீட்டிலேயே அளந்து பாருங்கள்: அட்டைப்பெட்டியின் ஒரு துண்டைக் கெட்டியான முக்காலியில் போட்டு, மெல்லிய உடையுடன் அதன்மேல் அமர்ந்து சற்று முன்னால் குனிந்து எழுந்தால் இரண்டு குழிகள் பதிந்திருக்கும். அவற்றின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரத்தோடு ஏறத்தாழ 2 செ.மீ. கூட்டினால் உங்களுக்கான சீட்டின் அகலம் கிடைக்கும். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

விரல் மரத்துப்போவதற்கும் சீட்டே காரணமாக இருக்கக்கூடும். வலியைக் குறைக்கப் பலர் சீட்டின் மூக்கைக் கீழே சாய்த்துவிடுகிறார்கள். உடல் முன்னால் வழுக்கி, பாரம் முழுவதும் உள்ளங்கைகளில் விழுகிறது. நீங்கள் சொல்லும் இரண்டு விரல்களுக்குச் செல்லும் நரம்பு உள்ளங்கையின் வெளியோரமாகப் போகிறது. சீட்டைச் சமமட்டமாக்குங்கள். ஓட்டி முடித்தபின்னும் மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டத் தயங்கவேண்டாம்.

கேள்வி (வயது 45, புதுச்சேரி): என் உயரம் 152 செ.மீ. பெண்களுக்கென்று தனி மாடல் வாங்கவேண்டுமா?

பதில்: தேவையில்லை அம்மா, மிகச் சிறிய அளவு பிரேம் கிடைத்தால் போதும். 165 மி.மீ. அல்லது அதைவிடக் குட்டையான கிராங்கும் (பெடல் மாட்டியிருக்கும் கை), 38 செ.மீ.க்கு மிகாத அகலமுள்ள ஹேண்டில்பாரும் கேளுங்கள். பிரேக் கைப்பிடியை விரலுக்கு எட்டுமாறு நெருக்கிவைக்கத் திருகாணி உண்டு. கடையிலேயே சரிசெய்து தரச் சொல்லுங்கள். சிறிய பிரேம்களில் மெதுவாகத் திரும்பும்போது காலணி முன் சக்கரத்தில் இடிக்கக்கூடும், அதையும் அங்கேயே ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி (வயது 52, திருநெல்வேலி): எனக்கான பிரேம் அளவு 54 என்றார்கள். அது கையிருப்பில் இல்லை, 56 தருகிறோம், ஸ்டெமைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பதில்: காத்திருங்கள்.

கேள்வி (வயது 50, சென்னை): குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணமான பிரெவேயில் 200 கிலோமீட்டர் ஓட்டவேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. அதற்கு வேறு சைக்கிள் வேண்டுமா?

பதில்: மேலே சொன்ன அதே ரகம்தான். 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். ஓய்வுக்கும் உணவுக்கும் நிற்பதையும் சேர்த்து மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சென்றாலே போதும். பிரான்சில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தின் 1,200 கிலோமீட்டரைத் தொண்ணூறு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் ஏராளம். வாங்கும்போது மட்கார்டு மாட்டத் துளைகள் இருக்கின்றனவா, இரண்டு பாட்டில்களுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி ஆகியவற்றுக்கும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கிவிடுங்கள்.